ஆச்சி சீலை மூணாவது தடவையும் திரும்பி வந்துட்டு

ஊசிக்காது | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். படமே இல்லாம சொல்லாலயே ஆடுற நம்ம இணைய ஆட்டத்துக்குள்ள, பணகுடிச் சந்தையில ஊசியும் நூலுமா உக்காந்திருக்குற தையக்காரி நான்தான். நிசத்துல ஊரு வீரவநல்லூர், சோலி சென்னையில. ஏழு மாசம் அடுத்தவங்க எழுதின வேட்டியையும் துண்டையும் வித்துக் காலம் தள்ளிட்டு, போன மாசந்தான் சொந்தமா உடுப்பு வரைவு, அதான் ஆட்டத்துல சேக்குற துணியோட பேரும் விவரிப்பும், அனுப்புற உரிமை வாங்குனேன். மொத வரைவா எங்க ஆச்சி கட்டுன கண்டாங்கிச் சீலையை எழுதுனேன். மூணு தடவை அனுப்பி மூணு தடவையும் திரும்பி வந்துட்டு. தடவைக்கு எட்டணா கட்டணம் வேற.

நான் எழுதுனது இதுதான்:

பெயர்: ஆச்சியின் கண்டாங்கி
உற்றுப் பார்த்தால்: ஆச்சியின் சுருக்கம் விழுந்த தோளில் கருஞ்சிவப்புக் கண்டாங்கி சரிந்து கிடக்கிறது. நடக்கும்போது காதில் பாம்படம் ஆட, ஊதாக் கரை போட்ட முந்தி காற்றில் படபடக்கிறது. அதைப் பார்த்ததும் உன் ஆச்சியின் நினைவு வந்து உனக்குக் கண் கலங்குகிறது. சேலையிலிருந்து கஞ்சி வாசமும் வெற்றிலை வாசமும் வருகின்றன.

உடுப்புக் குழுவுல இருந்து வந்த பதில்: "உடுத்தவர் உள்ளே வந்துவிட்டார். பார்ப்பவர் அழுதுவிட்டார். காற்று அடிக்கிறது. பாம்படம் தனிப் பொருள். ஊதா எங்கிருந்து வந்தது?"

இவ்வளவுதான் பதில். இதுல என்ன தப்பு, எப்படித் திருத்தணும், யாராவது மனசு வச்சுச் சொல்லுங்களேன்.


கல்லிடை_அப்பளம் | திங்கள், இரவு 9.52

"பார்ப்பவர் அழுதுவிட்டார்." அந்தப் பதில எழுதின மனுசன் சத்தியமா அண்ணாச்சி பாவுநூல்தான். என் மொத வரைவுக்கு அவரு அனுப்புன பதிலு ஒரே சொல்லு: "செருப்பா?"


பாவுநூல் | திங்கள், இரவு 10.30

திருப்பி அனுப்பினவன் நான்தான் தாயி. கோவிச்சுக்கிடாதீங்க. ஒரு ராத்திரிக்கு முப்பது வரைவு வரும், அதனால ரெண்டு சொல்லுல முடிக்க வேண்டியிருக்கு. இங்க விரிவாவே சொல்லுதேன், அடுத்து வாரவங்களுக்கும் ஆகும்.

நீங்க எழுதுனது ஒரு ஆச்சியைப் பத்தி. நல்லா எழுதியிருக்கீங்க, இல்லேங்கல. ஆனா ஆட்டத்துக்கு வேண்டியது சீலை. அது நாளைக்கு உங்க கடையில மடிச்சுக் கிடக்கும். ஒருத்தன் விலைக்கு வாங்கி மூட்டை கட்டுவான். இன்னொருத்தன் களவாண்டுட்டுப் போவான். பத்து வயசுப் பையன் கூத்துக்கு வேசங்கட்டிக்கிடுவான். நாலு எடத்துலயும் நிரலு, அதான் ஆட்டத்த ஓட்டுத புரோகிராமு, அதே நாலு வரியத்தான் காட்டும். மூட்டைக்குள்ள இருக்குற சீலையப் பாத்தா "சுருக்கம் விழுந்த தோளில்"னு வருது. யாரு தோளு? மூட்டைக்கு ஏது தோளு? அதத்தான் உடுத்தவர் உள்ளே வந்துட்டாருன்னேன்.

காத்தும் அப்படித்தான். பெட்டிக்குள்ள ஏது காத்து? ஆரல்வாய்மொழியில ஆடி மாசம் அடிக்கிற காத்துன்னாலும் அத அந்த எடத்தோட விவரிப்பு பாத்துக்கிடும், சீலை சுமக்க வேண்டாம்.

கண்ணு கலங்குத விசயம். ஆட்டத்துல நான் கும்பினிச் சிப்பாய். எனக்கு ஆச்சியே கிடையாது, பாளையங்கோட்டைக் கோட்டை வாசல்ல அனாதையா கெடந்து வளந்தவன்னு என் வரலாத்துல எழுதி வச்சிருக்கேன். உங்க சீலையப் பாத்த ஒடனே எனக்கு ஆச்சி நெனப்பு வருதுன்னு ஆட்டம் சொல்லுது. அடுத்தவன் கண்ணுக்குள்ள கைய விடுதது அது. அழுகை வந்தா அவனே அழட்டும்.

வாசம் இருக்கலாம். வெத்தல வாசம் துணியோடயே கெடக்கும்.

சரி, ஆச்சியை எப்படிக் கொண்டு வாரதுன்னு கேப்பீங்க. எங்க அப்பா தறிக்காரரு, புளியங்குடிப் பக்கம். ஒரு பழஞ்சீலையக் கையில குடுத்தா கட்டுனவ யாரு, என்ன சோலி பாத்தான்னு சொல்லிருவாரு. இடுப்புல சொருகுத பட்டை மட்டும் வெளுத்திருக்கும். பின்கொசுவம் கட்டுனவன்னா கொசுவம் விழுந்த எடத்துல மடிப்பு அழியாது, எத்தனை தண்ணி பாத்தாலும். கீழ்க்கரை குதிகாலு பட்டுப் பட்டு நூலு பிரிஞ்சிருக்கும். முந்தியில ஒரு மூலை மட்டும் சுருங்கி நிக்கும், காசு முடிஞ்சு முடிஞ்சு. அந்த முடிச்சுப் பக்கமே வெத்தலக் காவி. இதுல எங்கயாச்சும் "ஆச்சி"ன்னு வந்துச்சா? ஆனா படிக்கவனுக்கு அவ தெரிஞ்சிருவா. மூட்டைக்குள்ள கெடந்தாலும் தெரிவா.

பெயருல இருந்தும் ஆச்சிய எடுத்துருங்க. கடையில வாங்குறவன் "நீ ஆச்சியின் கண்டாங்கியை வாங்குகிறாய்"னு படிச்சா, கெழவி சீலைய உருவிட்டான்னுல்லா ஆகும்.


ஊசிக்காது | திங்கள், இரவு 10.58

அண்ணாச்சி, கடைசி வரியப் படிச்சுட்டுச் சிரிச்சதுல பக்கத்து ரூம்புப் பிள்ள எட்டிப் பாத்துட்டா. இப்பப் புரியுது. முந்தியில காசு முடிச்சு நான் மறந்தே போனேன். எங்களுக்கு முறுக்கு வாங்க அஞ்சு ரூவா அதுலேந்துதான் வரும், பல்லால கடிச்சு அவுப்பா.

ஊதாவுக்கு என்ன குத்தம்?


மூணாம்தறி | செவ்வாய், காலை 6.15

ஊதாவுக்கு நான் சொல்றேன். மேலப்பாளையம். எங்க வீட்டுலயும் தறி ஓடுன காலம் உண்டு.

நம்ம ஆட்டம் நடக்குறது 1858. செயற்கைச் சாயம்னு முதல்ல வந்ததே ஊதாதான். 1856ல லண்டன்ல பெர்க்கின்னு பதினெட்டு வயசுப் பையன் மருந்து காய்ச்சப் போய்த் தற்செயலாக் கண்டுபிடிச்சது. ரெண்டே வருசத்துல அது கப்பலேறி, தூத்துக்குடியில இறங்கி, மாட்டு வண்டியில பணகுடிச் சந்தைக்கு வந்துடுச்சுன்னா நம்ப முடியாது. வேர்ச் சிவப்புக்கு ஈடான செயற்கைச் சாயம் இன்னும் பிந்தி, 1869ல. அதுவரைக்கும் இங்க சிவப்புன்னா சாயவேர். கடற்கரை மணல்ல விளையுற சின்னச் செடியோட வேர், படிகாரம் சேத்தாத்தான் துணியில பிடிக்கும். நீலத்துக்கு அவுரி. கடுக்காயும் துருப்பிடிச்ச இரும்பும் சேந்தா கறுப்பு.

ஆனா குழுவோட நான் முழுசா ஒத்துப்போகல. நீலத்துல முக்குன நூலைச் சாயவேர்ல இன்னொரு தடவை முக்குனா ஊதாச் சாயல் வரும். கொஞ்சம் மங்கலா, கத்தரிக்காய்த் தோல் காஞ்ச மாதிரி. அப்படி எழுதுனா ஒத்துக்கணும். "ஊதா"ன்னு மொட்டையா எழுதாம, எதுல முக்குனதுன்னு தெரியுற மாதிரி எழுதுங்க. சாயத்தைச் சொன்னா விலையும் தானா வந்துடும். ரெண்டு தடவை முக்குறதுக்கு ரெண்டு கூலி.


பாவுநூல் | செவ்வாய், காலை 7.05

ஒத்துக்கிடுதேன். ரெண்டு முக்கு ஊதா செல்லும். ஆனா டெரிலின் சட்டை அனுப்புதவனையும் ஊக்கு அனுப்புதவனையும் விடமாட்டேன்.


கல்லிடை_அப்பளம் | செவ்வாய், காலை 7.11

ஊக்குக்கு 1849லயே அமெரிக்காவுல காப்புரிமை வாங்கியாச்சு வே.


பாவுநூல் | செவ்வாய், காலை 7.13

நியூயார்க்குல வாங்குனான். பணகுடியில எவன் குத்துனான்?


மேலரதவீதி | செவ்வாய், காலை 9.20

புதுசு நான். மன்னிக்கணும், ஒரு சந்தேகம். படமே இல்லாத ஆட்டத்துல துணிக்கு எதுக்கு இவ்வளவு? நானே கற்பனை பண்ணிக்கிட மாட்டேனா?


மூணாம்தறி | செவ்வாய், காலை 9.44

படம் இல்லாததாலதான் தம்பி. இந்த வகை ஆட்டம் 1978ல எசெக்ஸ் பல்கலைக்கழகத்துல ட்ரப்ஷா, பார்ட்டில்னு ரெண்டு பேரு ஆரம்பிச்சது. அன்னைக்குலேந்து இன்னைக்கு வரைக்கும் சொல்லு மட்டும்தான் மூலதனம். ஒருத்தர் முன்னால வந்து நின்னா நீ பாக்குறது அவர் உடுத்தியிருக்குறதோட நாலு வரியத்தான். அது மொட்டையா இருந்தா ஆளும் மொட்டை. சந்தைக்கு வா, நேர்ல பாப்பே.


கோடுக்கோட்டி | செவ்வாய், மதியம் 1.30

நிரல் பக்கத்துலேந்து சில விசயம் சொல்லணும். ஏன்னா பாதி வரைவு அண்ணாச்சி கண்ணுல படுறதுக்கு முன்னாலேயே என் கையில செத்துப் போகுது.

மொதல்ல நீளம். நம்ம ஆட்டத்தோட அடி நிரல் டிக்கு வகை, 1990களோட தொடக்கத்துல கோபன்ஹேகன் பசங்க எழுதுன பரம்பரை. நம்ம ஆட்டத்துல நீங்க தட்டுற ஒரு வரிக்கு 256 பைட்டுதான் எடம். இங்கிலீசுக்கு அது தாராளம். நமக்கு ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட்டு. "கண்டாங்கி"ன்னா நீங்க அஞ்சு எழுத்துன்னு எண்ணுவீங்க. எந்திரம் புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியா எண்ணி ஒம்போதுங்கும், அதாவது 27 பைட்டு. ஒரு வரிக்கு 85 குறிதான் தேறும். அதுக்கு மேல போனா கத்திரி விழும், அதுவும் ஒரு எழுத்தோட நடுவுலயே விழும். "படபடக்கிற"ன்னு வெட்டி, அடுத்தாப்புல ரெண்டு கட்டம் கட்டமா நிக்கும். அதனால வரைவை ஒரே மூச்சுல ஒட்டாதீங்க. வரி வரியா அனுப்புங்க.

ரெண்டாவது, அடையாளச் சொல்லு. "பார் சேலை"ன்னு தட்டுறவன் ஒருத்தன், "பார் சீலை"ங்குறவ ஒருத்தி, "புடவை"ங்குறவன் தஞ்சாவூர்க்காரன். மூணையும் குடுங்க. "கொசுவம்"னு குடுக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை: "கொ"வை சில விசைப்பலகை ஒத்தைக் குறியாப் போடும், சிலது ஒற்றைக்கொம்பும் காலுமா ரெண்டாப் போடும். கண்ணுக்கு ஒண்ணுதான், எந்திரத்துக்கு வேற வேற. "அப்படி எதுவும் இங்கே இல்லை"ன்னு சொல்லிரும். இதுக்கு நான் போன மாசம் மருந்து வச்சுட்டேன். பழைய பொருள்ல இன்னும் இருக்கும், கண்ணுல பட்டாச் சொல்லுங்க.

மூணாவது, என் உயிரை எடுக்குறது வேற்றுமை. நிரலு பேருக்குப் பின்னால ஒரு "ஐ"யை ஒட்டும். சேலை சேலையைன்னு ஆகும், சரி. துண்டு? துண்டைன்னு ஆகணும். குப்பாயம் (ரவிக்கை மாதிரி மேல்சட்டை)? குப்பாயத்தை. சல்லடம், சல்லடத்தை. "ம்"ல முடிஞ்சா "த்து" போடச் சொல்லிட்டேன். உகரத்தை விழுங்கச் சொல்லிட்டேன். அப்பப் பாத்து ஒரு மகராசன் அரைஞாண் கயிறு அனுப்புனாரு. "நீ அரைஞாண் கயிறை அவிழ்க்கிறாய்"னு வந்துச்சு. கயிற்றைன்னு வரணும்னு தமிழ் வாத்தியார் ஒருத்தரு எனக்கு மூணு பக்கத்துக்கு மடல் போட்டாரு. அன்னையிலேந்து நிரலை நம்புறதில்ல. படிவத்துல நீங்களே பேரு, ஐ போட்ட பேரு, இல் போட்ட பேருன்னு மூணும் எழுதிக் குடுத்துருங்க.

அப்புறம் வினை. இங்கிலீசுல தொப்பியில இருந்து செருப்பு வரைக்கும் ஒரே சொல்லு. நாம சீலை கட்டுவோம், சட்டை போடுவோம், பூ வைப்போம், பாம்படம் மாட்டுவோம். துண்டு இன்னும் மோசம்: தோளுன்னா போடு, தலைன்னா கட்டு, இடுப்புன்னாலும் கட்டு. படிவத்துல "வினை"ன்னு ஒரு கட்டம் இருக்கு. முக்காவாசிப் பேரு அதை வெறுமனே விட்டுடுறாங்க. விட்டா "அணி"ன்னு போட்டுருவேன். கோவணத்தை அணிகிறாய்னு வந்தா எனக்குப் பொறுப்பில்ல.

அக்கா, உங்க பாம்படத்துக்கு இன்னொரு சிக்கல். இந்தப் பரம்பரை நிரல்ல உடம்புல 18 எடம் உண்டு. கழுத்துக்கு ரெண்டு, விரலுக்கு ரெண்டு, மணிக்கட்டுக்கு ரெண்டு, கேடயத்துக்குக் கூட ஒண்ணு. காது கிடையாது.


ஊசிக்காது | செவ்வாய், இரவு 8.15

கேடயத்துக்கு எடம் இருக்கு, காதுக்கு இல்லையா! திருநெல்வேலி ஆச்சிமாரு ஒருத்தி காதையும் பாக்காத ஆளு எழுதுன நிரலு போல.


கோடுக்கோட்டி | செவ்வாய், இரவு 8.31

வெள்ளைக்காரப் பசங்க அக்கா. கத்தி, கேடயம், டிராகன். போடுதேன், காது போடுதேன். ஆனா பாம்படத்துக்கு ஒரு நிபந்தனை வேணும். வளக்காத காதுல அது நிக்காது. சின்னப் பிள்ளையில காதைக் குத்தி, ஓலைச் சுருளைச் சொருகி ஓட்டையப் பெருசாக்கி, குணுக்கு போட்டுத் தொங்கவிட்டு வளக்கணும். "காது வளர்த்தது"ன்னு ஒரு குறி இருந்தாத்தான் மாட்ட முடியும்னு வைக்கேன்.


பழையகணக்கு | செவ்வாய், இரவு 10.05

நண்பர்களுக்கு வணக்கம். நிபந்தனை என்று பேச்சு வந்ததால், நான் நெடுநாளாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன். படிவத்தில் "யார் உடுத்தலாம்" என்றொரு கட்டம் இருக்கிறது. யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. நம் ஆட்டத்தின் நிலப்பரப்பு ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இரு பக்கமும் விரிகிறது. மேற்கே திருவிதாங்கூர். 1858இல் அங்கே யார் எதை உடுத்தலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருந்தது. ஆனால் ஆட்டத்தில் எந்தப் பாத்திரமும் எதையும் உடுத்திக்கொண்டு கொல்லம் வரை போகிறது. வரலாற்றைக் களமாக எடுத்துக்கொண்டு வரலாற்றை மீறுவது எப்படிச் சரி? மேல்சீலை, தோள்சீலை போன்ற உடுப்புகளுக்கு அந்தக் கட்டத்தை நிரப்பிப் பூட்டுப் போட வேண்டும். உரிமையில்லாத பாத்திரம் உடுத்த முயன்றால் "உன்னால் இதை உடுத்த முடியாது" என்று வந்தால் போதும். யாரையும் புண்படுத்த அல்ல, அன்றைய நிலை புரியட்டும் என்றே சொல்கிறேன்.


தேரிக்காட்டான் | புதன், காலை 5.50

பழையகணக்கு ஐயா, மரியாதையோடயே கேக்குதேன். "உன்னால் இதை உடுத்த முடியாது"ன்னு யாரு சொல்லுதா? துணியா?

எங்க தாத்தா உடன்குடிப் பக்கம் பனையேறி. அவரோட அம்மையைப் பெத்த வழி தெக்க, கணவாய்க்கு அந்தப் பக்கம். தோள்சீலைச் சண்டைன்னா எனக்குப் பாடப்புத்தகத்துல படிச்சது மட்டுமில்ல. நாடார் பொம்பளைங்க தோள்ல சீலை போடக்கூடாதுன்னவன் இருந்தான். போட்டாளுவ. கிழிச்சான். மறுபடியும் போட்டாளுவ. போட முடிஞ்சதுனாலதான சண்டையே வந்துச்சு? நீங்க சொல்லுத பூட்டு இருந்தா 1858ல அந்தப் பக்கம் ஒரு சண்டையும் நடந்திருக்காது. கையில எடுத்த ஒடனே துணியே மாட்டேன்னு சொல்லியிருக்கும், அவளும் மடிச்சு வச்சிட்டுப் போயிருப்பா. இதுல அன்றைய நிலை எங்க புரியும்?


பழையகணக்கு | புதன், காலை 8.40

நியாயமான கேள்வி. ஆனால் பாம்படத்துக்கு மட்டும் காது வளர்த்திருக்க வேண்டும் என்று பூட்டுப் போடுகிறீர்களே, அதுவும் பூட்டுத்தானே?


தேரிக்காட்டான் | புதன், காலை 8.52

காது தாங்குமாங்கிறது வேற, ஊரு தாங்குமாங்கிறது வேற ஐயா.


மூணாம்தறி | புதன், காலை 10.20

இதுல சட்டத்தையும் கொஞ்சம் பாத்துருவோம். பூட்டுன்னா "உண்டு", "இல்லை"ன்னு ரெண்டே நிலைதான். அங்க நடந்தது அப்படி இல்ல. கிறிஸ்தவம் தழுவின பெண்கள் குப்பாயம் போட்டுக்கலாம்னு மன்றோ திருவிதாங்கூர் திவானா இருந்த காலத்துலயே ஒரு உத்தரவு வந்துச்சு. 1829ல வந்த அறிவிப்பு, குப்பாயம் சரி, மேல்சீலை கூடாதுன்னுச்சு. அப்புறம் 1858ல பெரிய கலகம். சென்னை கவர்னர் ட்ரெவெலியன் நெருக்குனதுல 1859 ஜூலை 26ல உத்திரம் திருநாள் மகாராஜா இன்னொரு அறிவிப்பு போட்டாரு. அதுலயும் முழு விடுதலை கிடையாது. நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், முரட்டுத் துணிய முக்குவ மீனவப் பெண்கள் மாதிரி சுத்திக்கலாம், மார்பை எப்படி வேணா மூடிக்கலாம், ஆனா உசந்த சாதிப் பெண்கள் உடுத்துற மாதிரி மட்டும் உடுத்தக்கூடாதுன்னு ஒரு வால் வச்சிருந்தாங்க.

பாருங்க, ஒரே துணி. முரட்டுத் துணின்னா சரி, நைசுன்னா தப்பு. சுத்துனா சரி, தோள்ல போட்டா தப்பு. இத எந்தப் பூட்டுல எழுதுவீங்க?


கோடுக்கோட்டி | புதன், மதியம் 2.10

நிரலா யோசிச்சா தேரிக்காட்டான் சொல்றதுதான் சுளுவு. துணிக்குள்ள எதுவும் எழுத வேண்டாம். துணியில "தோள்சீலை", "குப்பாயம்", "முரட்டுத் துணி"ன்னு அடையாளம் மட்டும் இருக்கட்டும். கணவாய்ச் சுங்கச் சவுக்கையில நிக்குற சிப்பாய்க்கும், மேற்கே சந்தையில திரியுற ஆள்களுக்கும் அதைப் பாக்கத் தெரியட்டும். பாத்துட்டு என்ன செய்யணும்கிறதை அவன் மூளையில எழுதுறேன். மறிக்கலாம், கத்தலாம், கூட்டம் சேக்கலாம். ஆட்டத்துல 1859 ஜூலை 26 தாண்டுனா அவன் பேச்சு மாறும், வாலு மாறாது. இந்தப் பக்கம் பணகுடியில இருக்குற கும்பினிச் சிப்பாய்க்கு அந்த மூளையே கிடையாது.

வேலை அதிகந்தான். ஒரு சனி ஞாயிறு போகும்.


ஊசிக்காது | புதன், இரவு 9.00

ஆட்டத்துல போன வாரம் நடந்ததச் சொல்றேன். மேக்கேருந்து கருப்பட்டிப் பெட்டியோட ஒரு பொண்ணு என் கடைக்கு வந்தா. பெட்டிக்கு அடியில மடிச்சு வச்ச ஒரு வெள்ளை நேரியல். அத எடுத்து ஓரம் அடிச்சுத் தரச் சொன்னா. தச்சுக் குடுத்தேன். கடை வாசல்லயே தோள்ல போட்டு, சந்தைய ஒரு சுத்து சுத்தி வந்தா. பொழுது சாஞ்சதும் மறுபடியும் மடிச்சு, கருப்பட்டிக்கு அடியில வச்சு, கணவாய்ப் பக்கமா நடந்துட்டா. ஒரு வார்த்தை விளக்கம் சொல்லல. பூட்டுப் போட்டிருந்தா அவளால அந்த ஒரு சுத்தும் சுத்தியிருக்க முடியாதுல்லா?

அந்தப் பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியாது. இங்க படிச்சிட்டிருந்தா, ஓரம் அடிச்சதுக்குக் கூலி வேண்டாம்மா.


பழையகணக்கு | புதன், இரவு 9.48

என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். கணவாய்ச் சிப்பாயின் பேச்சை எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். நாற்பது வருடம் வரலாறு நடத்தியவன், அதிகாரத்தின் குரல் எனக்கு நன்றாக வரும்.


பாவுநூல் | வியாழன், காலை 6.40

குழுவுல பேசியாச்சு. "யார் உடுத்தலாம்" கட்டத்தைத் தூக்கியாச்சு. இனிமே "எந்த உடம்பு தாங்கும்"னு மட்டும்தான் இருக்கும்: காது வளத்திருக்கணும், சின்னப் பிள்ளை அளவு, அந்த மாதிரி.

இதோட ஒட்டிக்கிட்டு ஒரு தலைப்பாகை சமாச்சாரம். கோயில் எடங்களுக்குள்ள போனா தலையில கட்டியிருக்குற துண்டு தானா அவுந்து தோளுக்கு வந்துரும்னு யாரோ பழைய கட்டளை எழுதி வச்சிருக்காவ. எல்லா எடத்துக்கும் அது பொருந்தாது. அய்யா வைகுண்டர் வழியில பதிக்குள்ள, அதான் அவங்க கோயிலுக்குள்ள, ஆம்பளைங்க தலைப்பாகை கட்டிக்கிட்டுத்தான் கும்பிடுவாங்க. வைகுண்டர் 1851லயே மறைஞ்சாச்சு, நம்ம ஆட்டம் அதுக்கு ஏழு வருசம் பொறவு. சாமித்தோப்புப் பதிக்குள்ள போன ஒருத்தரு துண்டு தானா அவுந்திருக்கு. அவரு புகாரு எழுதியிருக்காரு, ரொம்பச் சரியான புகாரு. கோடுக்கோட்டி, அதையும் பாத்துரும்.


கல்லிடை_அப்பளம் | வியாழன், காலை 7.30

நல்ல நேரம் பாத்து என் வரைவையும் போட்டுக்கிடுதேன். சுடலைமாடன் கொடைக்குச் சாமியாடி கட்டுற சல்லடம், அதான் அரைக்கால் உடுப்பு. "கறுப்பும் சிவப்பும் பட்டை தைத்த சல்லடம். ஓரமெல்லாம் கோத்த மணிகள் கணகணவென்று ஒலிக்க, கண்டவர் குலை நடுங்குகிறது." திருப்பி அனுப்பிறாதீரும் அண்ணாச்சி, செருப்பு வரைவு திரும்பி வந்த காயமே இன்னும் ஆறல.


பாவுநூல் | வியாழன், காலை 7.36

பெட்டிக்குள்ள கெடக்கும்போதுமா மணி அடிக்கும்? குலை நடுங்குதது யாரு குலை?


கல்லிடை_அப்பளம் | வியாழன், காலை 7.41

"ஓரமெல்லாம் வெண்கல மணிகள் கோத்திருக்கின்றன. தொடை உரசும் பக்கத்து மணிகள் மட்டும் தேய்ந்து மழுங்கியிருக்கின்றன." போதுமா?


பாவுநூல் | வியாழன், காலை 7.44

இத மொதல்லயே எழுதியிருக்கலாம்லவே. ஆடும்போது மணிச் சத்தம் வேணும்னா "கட்டும்போது வரும் செய்தி"யில போடும். அங்க சத்தம் வரலாம், உடம்பு அசையுதுல்லா. குலை நடுக்கத்தை மகுடம் கொட்டுதவன் பாத்துக்கிடுவான்.


ஊசிக்காது | வியாழன், இரவு 10.20

நாலாவது தடவை அனுப்பியிருக்கேன். நீங்கள்லாம் சேந்து தச்சதுதான், அதனால இங்கயும் ஒட்டுறேன்.

பெயர்: பழைய கருஞ்சிவப்புக் கண்டாங்கிச் சேலை
ஐ: பழைய கருஞ்சிவப்புக் கண்டாங்கிச் சேலையை
இல்: பழைய கருஞ்சிவப்புக் கண்டாங்கிச் சேலையில்
அடையாளம்: சேலை, சீலை, புடவை, கண்டாங்கி
வினை: கட்டு
தரையில்: கருஞ்சிவப்புச் சேலை ஒன்று நான்காய் மடித்துக் கிடக்கிறது.
உற்றுப் பார்த்தால்: சாயவேரில் முக்கி எடுத்த கருஞ்சிவப்பு, பல வெளுப்புக்குப் பின்னும் கொசுவ மடிப்புகளுக்குள் மட்டும் அப்படியே நிற்கிறது. கரை, நீலத்தில் ஒரு தடவையும் வேரில் ஒரு தடவையும் முக்கி எடுத்தது. காய்ந்த கத்தரித்தோல் நிறம். கீழோரம் குதிகால் பட்டு நூல் பிரிந்திருக்கிறது. முந்தியின் ஒரு மூலை முடிச்சுப் போட்டுப் போட்டுச் சுருங்கியிருக்கிறது. அந்த இடத்தில் வெற்றிலைக் காவியும், பல் பட்ட தடமும்.
கட்டும்போது: கொசுவத்தைப் பின்னால் செருகி, முந்தியை இழுத்து இடுப்பில் சொருகுகிறார்.

அண்ணாச்சி, ஒரு கேள்வி. முந்தி முடிச்சுல நிசமாவே காசு வைக்க முடியுமா?


கோடுக்கோட்டி | வியாழன், இரவு 11.02

முடியும் அக்கா. சீலைய ஒரு பை மாதிரி ஆக்கிடலாம், கொள்ளளவு ஒரு ரூவாச் சில்லறைன்னு வச்சுட்டேன். வேட்டிக்கும் மடி வேணும்னு இப்பவே நாலு பேரு கேக்குறாங்க. ஆட்டத்துல பாதிக் களவு இனிமே அங்கதான் நடக்கும்.


பாவுநூல் | வெள்ளி, காலை 6.10

ஏத்தாச்சு தாயி. "பல் பட்ட தடமும்"னு படிச்சதும் கும்பினிச் சிப்பாய்க்குக் கண்ணு கொஞ்சம் என்னமோ மாதிரி ஆயிட்டு. அது என் சொந்த விசயம், வரைவுல சேக்க வேண்டாம். மூணு தடவை கட்டுன எட்டணாவும் திருப்பித் தரச் சொல்லியிருக்கேன். முந்தியில முடிஞ்சு வச்சுக்கிடுங்க.


கோடுக்கோட்டி | வெள்ளி, இரவு 9.55

காது எடம் போட்டாச்சு. பாம்படம் மாட்டிப் பாத்தேன், நிக்குது. ஆனா ஒரு சின்னப் பிசகு. எல்லாப் பொருளையும் காதுல மாட்ட முடியுது போல. பணகுடிச் சந்தையில ஒருத்தன் எட்டு முழ வேட்டியை வலது காதுல மாட்டிக்கிட்டு நிக்கான். யாருன்னு கேக்காதீங்க, அப்பளம்தான். இன்னைக்கு ராத்திரிக்குள்ள சரி பண்ணிடுறேன், அதுவரைக்கும் யாரும் அவன்கிட்ட ஒண்ணும் வாங்காதீங்க.